280 பேர் கேட்கிற பாட்காஸ்ட்டை நிறுத்திவிடலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. கொங்குப் பக்கம் ஒரு நகராட்சியில் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். 2022 உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில் நண்பன் ஒருவனோடு சேர்ந்து, எங்கள் ஊர் அரசியலைப் பேச ஒரு பிளாக்கும் பாட்காஸ்ட்டும் ஆரம்பித்தோம். வாரம் இரண்டு பதிவு, ஒரு எபிசோட். இப்போது நண்பன் ஒரு கட்சியின் ஐடி விங்கில் பொறுப்பு வாங்கிவிட்டான். வார்டு கவுன்சிலரின் கணவர் எனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். 120 மீட்டர் என்று போர்டு வைத்த மழைநீர் வடிகாலை நாங்கள் டேப் வைத்து அளந்தபோது 90 மீட்டர்கூட இல்லை, அதைப் பேசினோம். 15 நாளில் மன்னிப்பு கேட்க வேண்டும், இல்லாவிட்டால் 10 லட்சம் நஷ்டஈடு என்கிறார். விளம்பரம் கொடுத்துவந்த இரண்டு கடைக்காரர்கள் விலகிவிட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் மாதாமாதம் பணம் அனுப்பட்டுமா என்கிறார், வாங்கலாமா? மாநில அரசியல் பற்றிப் போட்ட ஒரு வீடியோவுக்கு 40,000 வியூஸ், வடிகால் எபிசோடைக் கேட்டது 280 பேர். மனைவி பயப்படுகிறாள். கடையும் சரியாகப் பார்க்க முடியவில்லை. நிறுத்திவிடலாமா? எபிசோடின் ஆடியோவும் நோட்டீஸ் நகலும் இணைத்திருக்கிறேன். பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பி,

நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது நடத்துகிற மாதிரியும் நடத்த வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் நோட்டீஸ் விஷயத்தைப் பார்த்துவிடலாம், அதற்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆடியோவை முழுக்கக் கேட்டேன். முதல் பாதியில் நீங்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள். மின்கம்பத்தில் ஆரம்பித்து ரேஷன் கடை முக்குவரை ஒவ்வொரு முறையும் எண்ணைச் சத்தமாக வாசிக்கிறீர்கள், நடுவில் ஒரு அம்மா வந்து "இங்கயே நிறுத்திட்டாங்க தம்பி, மழை பேஞ்சா எங்க வாசல்லதான் தண்ணி நிக்குது" என்கிறார். மாவட்டச் செய்தியாளராகப் பல வருஷம் ஓடியவள் என்ற முறையில் சொல்கிறேன், அது நல்ல செய்தி வேலை. அந்தப் பகுதியில் யாரும் கை வைப்பது கஷ்டம். பிறகு உங்கள் நண்பர் பேசுகிறார்: "கமிஷன் வாங்காமலா இவ்வளவு நடக்கும், கவுன்சிலர் வீட்டுக்காரர் எவ்வளவு வாங்கினார்னு ஊரே பேசுது." நோட்டீஸ் முழுக்க நிற்பது இந்த ஒரு வரியின் மேல்தான். வடிகாலின் நீளத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, கவனித்தீர்களா?

"ஊரே பேசுது" என்பது சட்டத்தில் எந்தப் பாதுகாப்பும் தராது. கேள்விப்பட்டதைத் திருப்பிச் சொன்னவரும் சொன்னவராகவே நிற்பார். எழுத்தைவிட ஆடியோவில் இது அதிகம் நடக்கிறது, ஏனென்றால் எழுதும்போது கை ஒரு நொடி நிற்கும், பேசும்போது வாய் நிற்காது, எதிரில் சிரிக்க ஒரு நண்பர் இருந்தால் இன்னும் நிற்காது. உங்கள் நிகழ்ச்சியில் யார் பேசினாலும், விருந்தினர் பேசினாலும், வெளியிட்டவர் நீங்கள்தான். அதனால் இனிமேல் ஒருவரின் பெயரோ பதவியோ வருகிற, பணம் பற்றிய எந்த வாக்கியத்தையும் முன்கூட்டியே எழுதிவைத்து வாசியுங்கள். மற்றதெல்லாம் சகஜமாகப் பேசுங்கள், அந்த இடம் மட்டும் வாசிப்பு.

நான் வக்கீல் இல்லை, நீங்கள் ஒரு வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனாலும் போவதற்கு முன் சில விஷயம் தெரிந்திருந்தால் பயம் பாதியாகக் குறையும். அவதூறு என்பது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்தது. அதிகபட்சம் இரண்டு வருஷம் வெறுங்காவல் அல்லது அபராதம் அல்லது இரண்டும், இல்லாவிட்டால் சமூக சேவை. இது போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போட்டு வீட்டுக்கு வருகிற குற்றமில்லை, பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். நஷ்டஈடு கேட்பது அதிலிருந்து வேறு, அது சிவில் வழக்கு. ஸ்டேஷனிலிருந்து "சும்மா வந்துட்டுப் போங்க" என்று போன் வந்தால், எதற்காக என்று எழுத்தில் தரச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். யாராவது 66ஏ என்று மிரட்டினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

உங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான ஒரு தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்தே போனது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் தரப்பு போட்ட வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம் சில விஷயங்களைத் தெளிவாகச் சொன்னது. பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடலாம். அரசோ உள்ளாட்சி அமைப்போ தன் பெயர் கெட்டுவிட்டது என்று நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. பொது ஊழியர் தன் கடமையில் செய்த காரியத்தைப் பற்றி எழுதினால், நியாயமான அளவுக்குச் சரிபார்த்துத்தான் எழுதினேன் என்று காட்டுவதே போதும், பொய் என்று தெரிந்தோ உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமலோ எழுதியிருந்தால்தான் சிக்கல். நஷ்டஈட்டு வழக்கைப் பொறுத்தவரை இது பெரிய பாதுகாப்பு.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது தம்பி, இதை வக்கீலிடம் கட்டாயம் பேசுங்கள். கவுன்சிலர் பதவியில் இருப்பவர் மனைவி. கணவருக்கு எந்தப் பதவியும் இல்லை. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்த பிறகும் எத்தனையோ வார்டுகளில் போனை எடுப்பது, காண்டிராக்டரிடம் பேசுவது, ஆபீஸில் நாற்காலி போட்டு உட்காருவது எல்லாம் கணவர்தான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கோர்ட்டில் அவர் தனிமனிதர். பொது ஊழியரைப் பற்றிப் பேசும்போது கிடைக்கிற அந்தப் பாதுகாப்பு அவர் விஷயத்தில் அப்படியே கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது. அவர் பதவியில்லாமல் நகராட்சி வேலையில் தலையிடுகிறார் என்பதே ஒரு செய்திதான், அதைக் கவுன்சிலரிடம் கேள்வியாகக் கேட்டு, எந்தத் தேதியில் எந்தக் கூட்டத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். கமிஷன் என்ற சொல் அதற்குள் வர வேண்டாம்.

என் யோசனை, வக்கீல் ஒப்புக்கொண்டால்: கமிஷன் பற்றிய வாக்கியத்துக்கு எங்களிடம் ஆதாரம் இல்லை, அதைத் திரும்பப் பெறுகிறோம், அது வெளியானதற்கு வருந்துகிறோம் என்று நேராக, மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். அளவெடுத்த பகுதியில் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டாம். பதில் வக்கீல் மூலமாகவே, கெடுவுக்குள் போகட்டும். நோட்டீஸைக் காட்டி ஒரு எபிசோட் போடுகிற ஆசை வரும், நண்பர்கள் எல்லாரும் தூண்டிவிடுவார்கள், செய்யாதீர்கள். வக்கீலைக் கேட்காமல் எபிசோடை அழிக்கவும் வேண்டாம். அளந்த அன்று எடுத்த வீடியோ, போட்டோ, எடிட் செய்யாத ஆடியோ எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் செலவு முடியாது என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவிக்கு உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று போய்க் கேளுங்கள்.

அந்த 120 மீட்டர் கதையும் இன்னும் முடியவில்லை. போர்டில் 120 என்று இருக்கிறது, தரையில் 90. ஆனால் மீதி 30 மீட்டர் பக்கத்துச் சந்தில் போட்டிருக்கலாம். எஸ்டிமேட் திருத்தப்பட்டு, பணம் 90-க்கு மட்டும் கொடுக்கப்பட்டிருக்கலாம். அல்லது 120-க்கும் பில் போயிருக்கலாம். இந்த மூன்றில் எது என்பது எம்.புக் என்கிற அளவுப் புத்தகத்தில் இருக்கும். வேலையை அளந்து பதிவு செய்து, இன்ஜினியர் கையெழுத்துப் போட்டு, அதை வைத்துத்தான் பில் பாஸ் ஆகிறது. நீங்கள் டேப்பால் அளந்ததை அவர்கள் எழுதிய அளவோடு பக்கத்தில் வைக்கிற அன்றைக்குத்தான் உங்களிடம் முழுச் செய்தி இருக்கும்.

அதை வாங்க வழி ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் பிளாக்கில் பழைய ஆர்டிஐ மனுக்களைப் படித்தேன். "வார்டில் ஏன் வடிகால் முழுமையாகப் போடவில்லை? இதற்கு யார் பொறுப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2005-ம் ஆண்டுச் சட்டப்படி அலுவலகத்தில் இருக்கிற தகவலைத்தான் கேட்க முடியும், விளக்கம் எழுதித்தர அவர்களுக்குக் கடமையில்லை. "ஏன்" என்று கேட்ட மனுவை ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நீங்களும் அந்த வரியைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். இப்படிக் கேளுங்கள்: இன்ன நிதியாண்டில், இன்ன வார்டில், இன்ன தெருவில் நடந்த மழைநீர் வடிகால் பணியின் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு இருந்தால் அது, பணி ஆணை, அளவுப் புத்தகத்தில் இந்தப் பணிக்கான பக்கங்கள், இறுதிப் பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும். அவ்வளவுதான். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்ட்டில், ஒப்புகையோடு. ஆட்களின் பெயரை வைத்துக் கேட்காமல் பணியின் பெயரை வைத்துக் கேளுங்கள், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐயின் 8(1)(ஜெ) பிரிவை மாற்றிய பிறகு "தனிப்பட்ட தகவல்" என்று சொல்லி மறுப்பது அவர்களுக்கு இன்னும் எளிதாகிவிட்டது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

இன்னொரு உரிமை இருக்கிறது, பலருக்கும் தெரியாது. அதே சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, ஆவணத்தை மட்டுமில்லை, பணியையே நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும் வழி தருகிறது. அதைக் குறிப்பிட்டு மனுப் போட்டால், அதிகாரி முன்னிலையில் அந்த வடிகாலை நீங்கள் திரும்ப அளக்கலாம். அப்போது உங்கள் டேப்பை யாரும் சந்தேகப்பட முடியாது.

டெண்டர் விவரங்களுக்கு மனுகூட வேண்டாம். 1998-ம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது, மாநில அரசின் டெண்டர் இணையதளத்தில் உங்கள் நகராட்சியின் அறிவிப்புகளைத் தேடலாம். ஆன்லைன் சேவைக் கடைக்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கையையும் வருஷத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்கிவையுங்கள். அதில் தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபணைகள் வரிசையாக இருக்கும், யாரும் படிக்காத பத்து எபிசோட் அதற்குள் இருக்கிறது.

இப்போது 280-க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மனசு கஷ்டமான இடம் அதுதான்.

அந்த 40,000 பேரில் உங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள், யூடியூப் எண்களுக்குள் போனால் எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று காட்டும். மாநில அரசியலைப் பேச ராத்திரி எட்டு மணிக்கு டிவியைத் திருகினால் எல்லாச் சேனலிலும் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் பேசாவிட்டால் அங்கே எதுவும் குறையாது. ஆனால் ரேஷன் கடை முக்குவரை டேப்பை இழுத்துக்கொண்டு போக உங்கள் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? தாலுகா அளவில் இருக்கிற நிருபர்களின் நிலைமை எனக்கு நன்றாகவே தெரியும். சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, செய்தியும் அனுப்ப வேண்டும், விளம்பரமும் பிடிக்க வேண்டும், தீபாவளி மலருக்கு எந்தக் கவுன்சிலரிடம் போய் நிற்கிறாரோ அதே கவுன்சிலரைப் பற்றி எழுத வேண்டும். அவர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது, நீங்கள் அதில் நிற்கிறீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

காலியாக இருப்பது இன்று நேற்றில்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோய், நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அதுவரை ஐந்து வருஷத்துக்கும் மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். அந்த வருஷங்களில் உங்கள் ஊரில் என்ன வேலை நடந்தது, எவ்வளவு செலவானது என்று கேட்டால் ஊரில் யாராலும் சொல்ல முடியாது, கேட்க மன்றமும் இல்லை, எழுத ஆளும் இல்லை. 27 மாவட்டங்களில் ஊரகப் பகுதிகளுக்கு 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். உங்கள் நகர்மன்றத்தின் ஐந்து வருஷமும் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்து வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் "போன முறை இந்த வார்டில் இவ்வளவு மீட்டர் வடிகால், இவ்வளவு ரூபாய்" என்று ஒரு தாளைக் காட்டிக் கேட்க உங்கள் ஊருக்கு முடியும் என்றால், அது உங்கள் பதிவால்தான் முடியும். நகராட்சி வார்டில் ஜெயிப்பதும் தோற்பதும் பல சமயம் சில பத்து ஓட்டில். அந்தக் கணக்கில் 280 பேர் சின்ன எண்ணிக்கையா? நோட்டீஸ் அனுப்பியவருக்கு அது சின்னதாகத் தெரியவில்லை.

அதனால் மாநில அரசியலை விட்டுவிடுங்கள். முழுசாக. வாரம் இரண்டு பதிவு, ஒரு எபிசோட் என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள், அந்த வேகத்துக்கு யாரும் உங்களைக் கேட்கவில்லை, நீங்களாகப் போட்டுக்கொண்ட சுமை அது. கடையை அடைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் எடிட் செய்கிற ஆளால் வாரத்துக்கு ஒன்று தரமாகச் செய்ய முடியாது, அப்படி இழுக்கும்போதுதான் டேப் கீழே போய் "ஊரே பேசுது" மேலே வருகிறது. நகர்மன்றம் சாதாரணமாக மாதம் ஒருமுறை கூடுகிறது. நீங்களும் மாதம் ஒருமுறை கூடுங்கள். கூட்டப் பொருள் பட்டியலை (அஜெண்டா) வாங்கி, என்ன நிறைவேறியது, யார் எதிர்த்தார், எது விவாதமே இல்லாமல் போனது என்று ஒரு பதிவு, இருபது நிமிஷத்தில் ஒரு எபிசோட். பிரஸ் கார்டு இல்லை என்று உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு பதிவில் எழுதியிருந்தீர்கள். பார்வையாளராக அனுமதி கேட்டு ஆணையருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவையுங்கள். விடாவிட்டாலும் தீர்மான நகலை ஆர்டிஐயில் வாங்கலாம். அதில் "தலைவரின் முன் அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்ட பணி" என்கிற மாதிரி வரிகள் வந்தால் அங்கே நின்று படியுங்கள், வேலை முதலில் நடந்து ஒப்புதல் பின்னால் வந்த இடங்கள் அவை.

அந்த இருபது நிமிஷத்தை அப்படியே விடாமல் வார்டு வாரியாக மூன்று, நான்கு நிமிஷத் துண்டாக வெட்டி வாட்ஸ்அப்பில் விடுங்கள். ஸ்பாட்டிஃபையில் போய்த் தேடிக் கேட்கிற பழக்கம் உங்கள் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சிக்கு இருக்காது, ஆனால் "நம்ம வார்டு 14 விஷயம்" என்று குரூப்பில் வந்தால் கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்பார். தண்ணீர், சொத்து வரி, குப்பை, தெருவிளக்கு இந்த நான்கும் போதும். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது நீங்கள் போட்ட எபிசோடில், சதுர அடிக் கணக்கு எப்படி, யாருக்கு எந்த விகிதம் என்று ஒரு ரசீதைக் கையில் வைத்து வரி வரியாகப் படித்தீர்கள். உங்கள் பட்டியலில் வடிகாலைவிட அதிகம் பேர் கேட்டது அதுதான். அப்புறம் உங்கள் ஊர்ப் பேச்சை மாற்ற வேண்டாம், நடுவில் சில எபிசோடுகளில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச முயன்றிருக்கிறீர்கள், அது ஒட்டவில்லை.

நண்பர் விஷயம். வருத்தமாக இருக்கும், புரிகிறது. கட்சிக்குப் போவது அவர் உரிமை, அதில் துரோகம் எதுவும் இல்லை. ஆனால் கட்சிப் பொறுப்பில் இருப்பவர் உங்கள் மைக்கின் முன்னால் இனி உட்காரக் கூடாது, விருந்தினராக மற்றக் கட்சிக்காரர்களைப் போல வந்தால் சரி. இதைச் சுற்றி வளைக்காமல் அடுத்த எபிசோடின் முதல் நிமிஷத்தில் கேட்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்: இன்ன தேதியிலிருந்து இவர் இன்ன கட்சியில் இருக்கிறார், இந்த நிகழ்ச்சியில் இல்லை. பழைய எபிசோடுகளின் விவரத்திலும் அதையே சேருங்கள். முக்கியமாக, பாஸ்வேர்டுகளை இன்றைக்கே மாற்றுங்கள், சேனல் யார் மெயிலில் இருக்கிறது என்று பாருங்கள். நல்ல நண்பர்கள் நடத்திய ஒரு பக்கம் தேர்தல் வாரத்தில் கட்சிப் பக்கமாக மாறியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், சண்டை எதுவும் இல்லாமலே அது நடந்தது, யார் கையில் சாவி இருந்ததோ அவர் பக்கம் போய்விட்டது.

பணம். இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். யூடியூப் விளம்பரத்தை நம்பி இதை நடத்த முடியாது. 1,000 சப்ஸ்கிரைபரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்கிற எல்லையைத் தாண்டினாலும், ஒரு ஊரின் வடிகாலைப் பேசுகிறவருக்கு அதிலிருந்து வருவது மைக்குக்குக்கூடக் காணாது. அந்த எண்ணைத் துரத்தித்தான் நீங்கள் மாநில அரசியலுக்கே போனீர்கள் என்று நினைக்கிறேன். கடைக்காரர்கள் விலகியதற்கும் அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். டிரேட் லைசென்ஸ் நகராட்சி கையில் இருக்கும்போது அவர்கள் என்ன செய்வார்கள்? நகராட்சியோடு கொடுக்கல் வாங்கல் இருக்கிற யாரிடமும் விளம்பரம் வாங்குவதை நீங்களே நிறுத்திவிடுங்கள். காண்டிராக்டர், கட்சிக்காரர், கவுன்சிலர் பிறந்தநாள் வாழ்த்து, எதுவும் வேண்டாம். "பிரஸ்" என்று வண்டியில் ஒட்டிக்கொண்டு கவர் வாங்குகிறவர்களை உங்கள் ஊரும் பார்த்திருக்கும், அதனால்தான் நீங்கள் போய்க் கேள்வி கேட்டால் முதலில் "எவ்வளவு வேணும்?" என்று வருகிறது. அந்தக் கேள்விக்கு ஒரே பதில், வரவையும் செலவையும் மாதாமாதம் பதிவின் கடைசியில் போட்டுவிடுவது. கேட்பவர்களில் ஐம்பது பேர் மாதம் ஐம்பது ரூபாய் கொடுத்தால் 2,500 ரூபாய். மாதம் ஒரு எபிசோடுக்கும் ஆர்டிஐ தபால், நகல் செலவுக்கும் அது தாராளம். தனி வங்கிக் கணக்கு திறந்து அதில் வாங்குங்கள், கடைப் பணத்தோடு கலக்க வேண்டாம்.

சிங்கப்பூர்க்காரரிடம் வாங்குவதற்கு முன்னால் அவர் கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இன்னும் இந்தியக் குடிமகன்தான், தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்புகிறார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கில் வராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும், எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அது வெளிநாட்டுப் பணம். அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு, மின்னணு வழியில் செய்தி, நடப்பு விவகார நிகழ்ச்சி தயாரிக்கிற நிறுவனங்களும் அதன் ஆசிரியர், உரிமையாளர், செய்தியாளர்களும் வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது என்று தடுக்கிறது. சின்னதாக வீட்டில் நடத்துகிறேன், எனக்கு இது பொருந்தாது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அவர் ஊர்ப்பாசத்தில் அனுப்புகிற ஐயாயிரம் ரூபாய், உங்களை அடக்க நினைக்கிறவர்களுக்கு நல்ல ஆயுதமாகிவிடும். அன்பாக மறுத்துவிட்டு, துண்டு ஆடியோக்களை அவர் குடும்ப குரூப்புகளில் பரப்பச் சொல்லுங்கள், அதுவும் உதவிதான்.

கடைசியாக உங்கள் வீட்டம்மா. அவர் பயத்தை "பொம்பளைங்க அப்படித்தான்" என்று தள்ளாதீர்கள், ஊரில் அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். இந்த மாதிரி விஷயத்தில் கோர்ட்டுக்கு முன்னால் வருவது சின்னத் தொல்லைகள்தான். கடை லைசென்ஸைப் புதுப்பித்தாயா, முன்னால் போட்ட தகரக் கூரை நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறதா, குடிநீர்க் கட்டணம் பாக்கியா என்று ஆள் வரும். எனவே இந்த வாரமே சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, லைசென்ஸ் எல்லாவற்றையும் கட்டி, ரசீதுகளை ஒரு கோப்பில் அவர் கையிலேயே கொடுங்கள். கூரை நீட்டிக்கொண்டிருந்தால் நீங்களே வெட்டிவிடுங்கள். வீட்டில் வைத்துப் பதிவு செய்யாதீர்கள், பிள்ளைகளின் படமோ குரலோ எங்கும் வர வேண்டாம். இந்த வேலைக்கு வருகிறவர்கள் பேச ஒரு தனி போன் நம்பர் வைத்து, ராத்திரி ஒன்பது மணிக்கு அதை அணைத்துவிடுங்கள். எந்த எபிசோடில் ஒருவரின் பெயர் வருகிறதோ அதை வெளியிடுவதற்கு முன்னால் வீட்டம்மாவையும் கேட்க வையுங்கள். கமிஷன் வரியை அவர் கேட்டிருந்தால் விட்டிருப்பாரா என்று அவரிடமே கேளுங்கள்.

நோட்டீஸில் உள்ள தேதியைப் பார்த்தால் உங்களுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. திங்கட்கிழமை வக்கீல், செவ்வாய்க்கிழமை ஆர்டிஐ மனு தபாலில். வக்கீலின் பதில், மனு இரண்டின் நகலையும் எனக்கு அனுப்புங்கள், மனுவின் வாசகத்தைத் தபாலில் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா